இரண்டு பட்டனையும் அழுத்தாதீர்கள்

லிஃப்ட் முன்னால் நின்று மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்துகிறவர்களைக் கண்டால் லிஃப்டண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எங்க போகணும்?" என்பார்.

"மேல."

"அப்ப கீழ் பட்டனை எதுக்கு அமுக்குனீங்க?"

"சீக்கிரம் வருமேன்னு."

அவ்வளவுதான், பிடித்துக்கொள்வார். "வராதுங்க. கீழ போறப்ப உங்களுக்காக ஒரு தடவ நிக்கும். மேல வர்றப்ப இன்னொரு தடவ நிக்கும். உள்ள இருக்கிறவனுக்கும் லேட்டு, உங்களுக்கும் லேட்டு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க."

அது குடும்ப நீதிமன்றக் கட்டடம். அங்கே வருகிறவர்கள் வீட்டிலேயே பேசிக் களைத்துவிட்டு வருகிறவர்கள், அதனால் லிஃப்ட்காரனோடு மல்லுக்கு நிற்க யாருக்கும் தெம்பு இருக்காது. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மாடிக்கு மாடி அவரே பலகை எழுதி மாட்டியிருந்தார்: 'இரண்டு பட்டனையும் அழுத்தாதீர்கள். போகும் திசையை மட்டும் அழுத்தவும்.' கையெழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஆனாலும் படிக்கலாம்.

பத்தொன்பது வருஷமாக அந்தக் கட்டடத்தின் இரண்டு லிஃப்டுகளும் அவர் பொறுப்பு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர்த் தொட்டி எப்படி நிரம்புகிறது என்று மாடியேறிப் பார்க்கப் போய், திரும்பி இறங்கி வருவதற்குள் பெண் வீட்டார் மனசு மாறிவிட்டது என்று அவர் தங்கச்சி சொல்லிச் சிரிப்பாள். பாதி உண்மைதான். ஒரு காரியம் எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

அந்தத் தங்கச்சிக்குத்தான் இப்போது வழக்கு. டவுன் பஸ் ஓட்டுகிறவள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஏழு வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அடி, உதை என்று எதுவும் இல்லை. அவளுக்கும் புருஷனுக்கும் பேச்சு வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். புருஷன் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்கிற கம்பெனியில் வேலை. அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்து, ரயிலில் ஒன்பது மணி நேரம் போகிற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பரீட்சை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியனுப்பினான். "அவ விடியறதுக்கு முன்னாடியே டிப்போவுக்குப் போயிடுறா. பிள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்டானாம். கேள்வி நியாயமாகவே இருந்தது, அதுதான் தங்கச்சியை அரித்தது. பரீட்சை முடிய ஆறு வாரம் இருந்தது. அதற்குள் பிள்ளை தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று மனுப் போட்டாக வேண்டும்.

பிள்ளையைச் சுண்டெலி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். காலையில் அவளுக்கு முட்டை அவித்து, ரொட்டி சுட்டு, தலை சீவிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது மாமன் வேலை. லிஃப்ட் கம்பிக் கயிற்றை முறுக்கிப் பழகின கை. பின்னினால் சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி பிசகாது.

"மாமா, இழுக்காத. கண்ணு மேல போகுது."

"தளர விட்டா அறுந்துடும்டி."

"முடி அறுந்தா யாரும் விழ மாட்டாங்க மாமா."

இரண்டாம் மாடியில் மூன்று ஹால், மூன்று நீதிபதிகள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மூவருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். முதல் ஹாலில் கடிகாரக்காரர். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டு, கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். இரண்டாம் ஹாலில் நல்லம்மா. பெற்றவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவே மாட்டார் என்று பேச்சு. மூன்றாம் ஹாலில் சடையம்மா. அந்தப் பெயர் அவர் தலையைப் பார்த்து வந்ததில்லை. பிள்ளை வழக்கு என்று யார் வந்து நின்றாலும், 'காலையில பிள்ளைக்கு யாரு சடை பின்னுறது?' என்று கேட்பாராம். அதைக் கேட்டுத்தான் எத்தனையோ வேலைக்குப் போகிற தாய்மார்கள் வாயடைத்துப் போனார்கள் என்று வராந்தாவே சத்தியம் செய்தது.

"அண்ணா, மூணாம் ஹால் மட்டும் வேண்டாம்," என்றாள் தங்கச்சி. "அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல."

லிஃப்டண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. பத்தொன்பது வருஷமாக இந்த ஜனங்களை மேலே ஏற்றி இறக்குகிறோம், யார் எந்த ஹாலுக்குப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள்? அவருக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, இத்தனை நாளாகக் கேட்கவே தோன்றவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

விசாரிக்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரர், "பேரோட முதல் எழுத்தைப் பாத்துப் பிரிக்கிறாங்க," என்றார். வாசல் காவல்காரர், "காலையில சீட்டு குலுக்குறாங்க, நானே டப்பாவப் பாத்திருக்கேன்," என்றார். அது சர்க்கரை டப்பா என்று பிறகு தெரிந்தது. தங்கச்சியின் வழக்கை எடுத்திருந்த வக்கீலம்மாவின் குமாஸ்தா மட்டும் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எல்லாம் நம்பரம்மா கையில இருக்கு," என்றார்.

நம்பரம்மா கீழ்த்தளத்தில் மனு வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவர். கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, பக்கத்தில் கம்ப்யூட்டர், அதை நம்பாமல் எதிரே ஒரு தடித்த ரிஜிஸ்தர். மனுவை வாங்கி, பேரைத் தட்டி, ரிஜிஸ்தரில் எழுதி, முத்திரையைக் குத்தி, தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொல்வார்: "நூத்திப் பதினேழு, முதல் ஹால்."

அந்த ஜன்னலுக்கு ஆறடி தள்ளித்தான் லிஃப்ட் குழி. அந்த வாரம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. குழிக்குள் முழங்கால் தண்ணீர். ஒரு லிஃப்டை மேலே நிறுத்திப் பூட்டிவிட்டு, பம்ப் போட்டு இறைத்து, துணியால் துடைத்து, துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தேய்த்து கிரீஸ் பூசினார். ஒரு நாளில் முடிகிற வேலை. லிஃப்டண்ணன் மூன்று நாள் இழுத்தார். குழிக்குள் நின்றபடி, தலையை மட்டும் வெளியே நீட்டி, நம்பரம்மா சொல்லச் சொல்ல சர்வீஸ் அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்று, இரண்டு, மூன்று.

முதல் நாள் சாயங்காலமே பிடிபட்டுவிட்டது. முறை வைத்து அனுப்புகிறார்கள். எழுத்தும் இல்லை, சீட்டும் இல்லை. மூன்று பேருக்கு ரொட்டி வைக்கிற மாதிரி வரிசையாக ஆளுக்கு ஒன்று. அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆனால் மூன்று நாளில் எழுதின அறுபத்தொரு மனுவில் ஐந்து மட்டும் அடங்க மறுத்தது. நாலு மனு முறையில்லாத நேரத்தில் எங்கேயோ போய் விழுந்தது. ஒன்று, இரண்டாம் ஹாலுக்குப் போக வேண்டியது, அதைத் தாண்டி மூன்றுக்குப் போனது. ராத்திரி தங்கச்சிக்கு அட்டையைக் காட்டினார்.

"அந்த அஞ்சு ஏன் அப்படி?" என்றாள்.

"எந்த மிஷின்லயும் கொஞ்சம் கோளாறு இருக்கத்தான் செய்யும். அந்தம்மாவுக்கு அசதியா இருந்திருக்கும்."

லிஃப்டில் ஒரு சின்னச் சத்தம் காரணமில்லாமல் வந்தால் இரண்டு நாள் தூங்காத மனிதர் சொன்ன பதில் இது. ஆசை வந்துவிட்டால் அறிவு வேலை செய்யாது என்பது சரிதான் போலிருக்கிறது.

மறுநாள் காலை ஷிஃப்டை மாற்றிக்கொண்டு தங்கச்சி வந்தாள். லிஃப்டண்ணன் ஜன்னல் பக்கம் காதை வைத்து நின்றார். அவர் கண்ணசைத்தால் அவள் போய் நிற்க வேண்டும், அதுவரைக்கும் சுவரோரமாக. ஒரு மனு மூன்றாம் ஹாலுக்குப் போனது. அடுத்து குடையோடு ஒருவர் நின்றார். அவருக்கு ஒன்று, தங்கச்சிக்கு இரண்டு. கண்ணசைத்தார். அவள் போய்ப் பின்னால் நின்றாள்.

"நூத்தி எழுபத்தெட்டு, முதல் ஹால்."

குடைக்காரர் நகரவில்லை. சட்டைப் பொத்தானை அவிழ்த்து, வயிற்றோடு ஒட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தார். "மழைன்னு உள்ள வச்சிருந்தேன்மா. இது என் தம்பியோட டைவர்ஸ் கேஸு. இதையும் போட்டுருங்க."

"நூத்தி எழுபத்தொம்பது, ரெண்டாம் ஹால்."

தங்கச்சி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் விலகி வா என்று கையை ஆட்டுவதற்குள் நம்பரம்மா அவள் கையிலிருந்த காகிதத்தை இழுத்துக்கொண்டார்.

"நூத்தி எண்பது, மூணாம் ஹால்."

அதோடு விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அன்று மத்தியானம் குமாஸ்தா டீயை ஊதிக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "வேற சட்டப் பிரிவுல அதையே இன்னொரு மனுவா போடுங்க. ரெண்டாம் ஹால் விழுந்தா முதல் மனுவ வாபஸ் வாங்கிக்கலாம். வக்கீலம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

ஊருக்குத்தான் உபதேசம். மாடிக்கு மாடி பலகை மாட்டின மனிதர், அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "நல்ல யோசனைதான்," என்றார்.

தங்கச்சி கையெழுத்துப் போட்டது பஸ் கடைசி ஸ்டாப்பில், பத்து நிமிஷ ஓய்வில், ஸ்டியரிங் மேல் காகிதத்தை வைத்து. "இது சரியா வருமா அண்ணா?"

"நான் பாத்துக்கிறேன் போ."

இந்தத் தடவை கணக்கு இம்மியும் பிசகவில்லை. மறுநாள் ஜன்னலில் முன்னால் நின்றவளுக்கு முதல் ஹால். குமாஸ்தா மனுவை நீட்டினார், லிஃப்டண்ணன் பக்கத்தில் சும்மா நிற்பதுபோல் நின்றார். நம்பரம்மா பேரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இவங்களோடது நேத்தே வந்திருக்கே. மூணாம் ஹால்."

"இப்ப ரெண்டாம் ஹால் முறைதானேம்மா," என்று லிஃப்டண்ணன் வாயை விட்டார்.

நம்பரம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினார். "முறையா? அதான் மூணு நாளா குழிக்குள்ள நின்னு எழுதிட்டிருந்தீங்களா? நான் ஏதோ லிஃப்ட் கணக்குன்னு நெனச்சேன்."

லிஃப்டண்ணன் தலையைச் சொறிந்தார்.

"முறை புது ஆளுக்குத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹால். முதல்ல எங்க விழுந்துச்சோ, அதுக்கப்புறம் எத்தனை மனு போட்டாலும் அங்கதான். பிள்ளைய ஒருத்தர் விசாரிச்சு, ஜீவனாம்சத்த இன்னொருத்தர் விசாரிச்சா ஆளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நடுவுல பிள்ளை என்ன பண்ணும்?"

லிஃப்டண்ணன் பையிலிருந்து அட்டையை எடுத்தார். "அப்ப இந்த நாலும் பழைய கேஸா?"

"பழைய கேஸ்."

"இது? ரெண்டைத் தாண்டி மூணுக்குப் போனது?"

நம்பரம்மா ரிஜிஸ்தரைத் திருப்பினார். "இவரு ரெண்டாம் ஹால் அம்மாவோட பெரியம்மா பையன். சொந்தக்காரங்க கேஸ அவங்க தொட மாட்டாங்க. அதனால அடுத்த ஹாலுக்குப் போயிடும்."

ஐந்தும் அடங்கிவிட்டது. ஒரு கோளாறும் இல்லாத மிஷின். அந்த ஒரு நிமிஷம் லிஃப்டண்ணனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நிமிஷம் நம்பரம்மா முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ரெண்டையும் சேத்துக் கட்டி மேல அனுப்புவேன். தேதி மூணு வாரம் தள்ளிப் போகும். எதுக்கு ரெண்டு போட்டீங்கன்னு ஜட்ஜம்மா கேப்பாங்க. பதிலத் தயார் பண்ணிக்கோங்க."

புதுத் தேதி பரீட்சை முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து நின்றது. மாப்பிள்ளை தனக்கும் பிள்ளைக்கும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டான் என்று சேதி வந்தது. வக்கீலம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே பேசினார். "நீங்க லிஃப்டுக்கு சர்வீஸ் பண்ணுங்க. என் கேஸுக்கு சர்வீஸ் பண்ணாதீங்க. வேலியில போற ஓணானைப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டு வந்து நிக்கிறீங்க."

வீட்டில் தங்கச்சி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், சட்டியில் ஒட்டின சோற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்:

"நான் டிரைவர் சீட்டுல உக்காந்திருக்கிறதப் பாத்துட்டு, பொம்பள ஓட்டுறாளான்னு இறங்கிப் போய் அடுத்த பஸ்ஸுக்கு நின்னவங்க இருக்காங்க. வயிறு எரியும். நாமளும் அதையேதான் அண்ணா பண்ணியிருக்கோம். அந்தம்மா வண்டிய ஓட்டி நாம பாக்கவே இல்ல."

லிஃப்டண்ணனுக்கு அன்றைக்கு உண்மையிலேயே சோறு இறங்கவில்லை.

தேதியன்று மழை விட்டு வெயில் அடித்தது. சுண்டெலியை ஹாலுக்குப் பக்கத்தில், பொம்மை கிடக்கிற அறையில் ஆயாவிடம் விட்டார்கள். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில், ஆள் பாதியாக இளைத்து வந்திருந்தான். லிஃப்டண்ணன் கடைசி பெஞ்சில், பாவம் செய்தவன்போல உட்கார்ந்தார்.

சடையம்மா என்றால் எப்படியோ இருப்பார் என்று நினைத்திருந்தார். குட்டையாக, காய்கறிக் கடையில் பார்த்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாத அம்மாவாக இருந்தார். ஆளை அடிக்கடி லிஃப்டில் பார்த்திருக்கிறார், இவர்தான் அவர் என்று தெரியாமல்.

"ஒரே விஷயத்துக்கு ரெண்டு மனு. எதுக்கு?"

வக்கீலம்மா எழுந்தார். நீதிபதி கையை உயர்த்தினார். "கையெழுத்துப் போட்டவங்க சொல்லட்டும்."

குமாஸ்தாவின் தப்பு என்று சொல்லச் சொல்லித் தங்கச்சிக்கு வழியெல்லாம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவள் அதைச் சொல்லவில்லை.

"இந்த ஹாலுக்கு வரக் கூடாதுன்னுதான்மா."

ஹாலில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"ஏன்?"

"காலையில யாரு சடை பின்னுறதுன்னு கேப்பீங்களாம். நான் பின்னுறதில்லம்மா. நாலரைக்கு நான் டிப்போவுல இருக்கணும்."

லிஃப்டண்ணன் எழுந்துவிட்டார். கால் தானாக எழுந்தது. "அவ மேல தப்பில்லம்மா. ஹால் மாறட்டும்னு ரெண்டாவது மனு போட வச்சது நான்."

நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "நீங்க லிஃப்ட் பாக்குறவரு தானே?"

"ஆமாம்மா."

"அந்தப் பலகை எழுதினது?"

"நான்தாம்மா."

"தினமும் படிக்கிறேன்," என்றார் நீதிபதி. யாரோ சிரித்து, இருமலாக்கிக்கொண்டார்கள். லிஃப்டண்ணனுக்குக் காது சூடேறியது. "உக்காருங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும், அதான் இவ்வளவு கஷ்டம்." பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். "சரி, கேக்குறேன். யாரு பின்னுறது?"

"எங்க அண்ணன்."

"தினமுமா?"

"எட்டு மாசமா. முட்டையும் அவர்தான் அவிக்கிறாரு. பள்ளிக்கூடத்துல கொண்டு விடுறாரு. ரெண்டு மணிக்கு நான் போய்க் கூட்டிட்டு வந்துடுவேன். படிப்பு, குளியல், சோறு, தூக்கம் எல்லாம் நான்தான்."

மாப்பிள்ளையின் வக்கீல் துள்ளி எழுந்தார். "இதத்தான் நாங்களும் சொல்றோம். பெத்த தாயே பின்னுறதில்லன்னா..."

"நான் அம்மா பின்னுறாங்களான்னு கேக்கல. யாரு பின்னுறாங்கன்னு கேட்டேன். யாருமில்லங்கிற பதில்தான் நெறைய வீட்டுலேருந்து வருது." எதையோ எழுதினார். பிறகு மாப்பிள்ளையைக் கேட்டார். "அந்த ஊர்ல யாரு பின்னுவாங்க?"

அவன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். "கத்துக்குறேன்மா. இப்ப... ஒரு ரூம்தான் எடுத்திருக்கேன். ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பணும். பக்கத்து வீட்டுல யாரும் இன்னும் பழக்கமில்ல." பிள்ளை இருந்த அறைப் பக்கம் பார்த்தான். "ஆனா அவ இல்லாம வீட்டுக்குப் போகப் பிடிக்கலம்மா."

நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார். பிறகு உத்தரவைச் சொன்னார். வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளை தாயோடு இதே ஊரில் இருக்கும், லீவுக்கும் ஊர் மாறக் கூடாது. சனி, ஞாயிறு அப்பா வந்து வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் ஒரு மணி நேரம் அவனோடு இருக்கட்டும். இரண்டாவது மனு தள்ளுபடி. இனி இப்படிச் செய்தால் அபராதம். எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்து லிஃப்ட் முன்னால் நின்றார்கள். தங்கச்சி நாலாம் மாடிக்குப் போய் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும். மாப்பிள்ளை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கீழே கேன்டீனுக்குப் போக வேண்டும். ஜெயித்த மாதிரி லிஃப்டண்ணனுக்குத் தோன்றவே இல்லை. தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிள்ளையின் பின்னலைத் தொட்டுப் பார்த்தான்.

"அவிழவே இல்லையே. எப்படி மச்சான் பின்னுறீங்க?"

"சனிக்கிழம சீக்கிரமா வாங்க மாப்ள. காட்டுறேன்."

அதற்குள் சுண்டெலி எல்லோரையும் தாண்டி முன்னால் போனாள். இரண்டு கையின் ஆள்காட்டி விரலையும் நீட்டி, மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒரே நேரத்தில் அழுத்தினாள். இரண்டு விளக்கும் எரிந்தது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மாமனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டு விழும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா மேல போகணும்ல," என்றாள். "அப்பா கீழ போகணும்ல."

பத்தொன்பது வருஷத்தில் ஒருவரும் இந்தக் காரணத்தைச் சொன்னதில்லை.

"சரியாத்தான்டி அமுக்கியிருக்க," என்றார் லிஃப்டண்ணன். இரண்டடி நகர்ந்து, அந்தப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.